மூன்றுக்கு நான்கு

ஸ்க்ரீனில் மூன்றாவது பெட்டியும் கோட்டுக்கு வெளியே விழுந்ததும் இவர் ஜாய்ஸ்டிக்கை மேசைமேல் வைத்துவிட்டார். "போதும். நாலு மணிக்கு நான் வரலைன்னு போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். என் தம்பியுடையதாகப் போயிற்று, தப்பித்தது.

இவர் என் கணவர். துறைமுகத்தில் பதினான்கு வருஷம் கிரேன் ஓட்டியவர். போன வருஷம் வலது கண்ணில் விழித்திரை கிழிந்து ஆபரேஷன் நடந்தது. டாக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்து, வேலைக்குப் போகலாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். இவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பதினோரு மாதமாக வீட்டில் ஒரே பாட்டு, "என் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

இப்போது ஒரு புதுக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. முதல் தேர்வு நாலு மணிக்கு, வீட்டிலிருந்தே. கம்ப்யூட்டரில் ஓடும் கிரேன் புரோகிராமில் பதினாறு பெட்டிகளைக் கோட்டுக்குள் இறக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் தோற்றால் இந்த மனுஷர் இனி எந்தக் கிரேனிலும் ஏற மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் தம்பி பல் செட் செய்கிறவன். வயது முப்பத்தைந்து, லீவு நாளெல்லாம் கேம். அதற்காகவே வாங்கிய லேப்டாப் இது. காலையில் கொண்டுவந்து வைத்தபோது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பழைய புரோகிராம் மாமா. ஆனா பாருங்க, ஓரத்துல ஒரு நூல் விடாம ஃபுல் ஸ்க்ரீன்!"

"பெட்டி ரொம்ப ஆடுது மாப்ள. நான் பிரேக் பிடிச்சா முன்னாடியே நின்னுடுது. எல்லாமே ஒரு மாதிரி குண்டா வேற தெரியுது. கண்ணுதான், வேற என்ன" என்றார் இவர்.

குண்டாகவா? எனக்குச் சுருக்கென்றது. நான் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். அரை சென்டி தப்பினால் முந்நூறு சட்டை பாழ். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்க்ரீனுக்குப் போனேன்.

"ஏங்க, மூலையில இருக்கே, இது என்ன?"

"பாரம் காட்டுற மீட்டர்."

"நிஜத்துல வட்டமாத்தானே இருக்கும்?"

"வட்டந்தான்."

"உசரம் மூணு சென்டி. அகலம் நாலு. எனக்கும் கண்ணு போச்சா?"

இவர் எழுந்து வந்து டேப்பைப் பார்த்தார். தம்பி தலையைச் சொறிந்தான். "அந்தப் புரோகிராம் படம் கொஞ்சம் சதுரம் அக்கா. என் ஸ்க்ரீன் அகலம். அதனால பக்கவாட்டுல இழுத்துக் காட்டுது."

"அப்ப ஆட்டமும் இழுத்துத்தான் தெரியும்" என்றார் இவர் மெதுவாக. "இல்லாத ஆட்டத்துக்கு நான் பிரேக் பிடிச்சிருக்கேன்."

"காலையிலயே இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்னடா?"

"ஸ்க்ரீன் முழுக்கத் தெரிஞ்சா நல்லதுன்னு நெனச்சேன்கா."

சொன்னான், நல்லது! அப்போது மணி இரண்டு. கிராஃபிக்ஸ் கார்டின் செட்டிங்ஸைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். படத்தின் அளவை மாற்றும் பக்கமே அதில் இல்லை. மூன்று மணி ஆனது.

"படம் போடறது இந்தக் கார்டுதானா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. இன்னொரு சின்ன சிப்பும் உள்ள இருக்கு. அது சும்மா மெயில் பார்க்க, பாட்டுக் கேட்க."

"ஸ்க்ரீனோட வயர் யார்கிட்ட போகுது?"

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "சின்னதுகிட்ட" என்றான்.

பரிமாறுகிறவளை விட்டுவிட்டு, சமைக்கிறவளிடம் போய் ஏன் தட்டில் கம்மி என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறான்.

சின்ன சிப்பின் செட்டிங்ஸைத் திறந்தால் வேண்டியது அங்கே இருந்தது. ஆனால் சாம்பல் நிறத்தில், அழுத்தினால் அசையவில்லை. தம்பி கொஞ்சம் யோசித்து, ஸ்க்ரீனின் அளவையே புரோகிராமின் அளவுக்குக் குறைத்தான். ஐகான் எல்லாம் பூசணிக்காயாக ஊதின. அந்தச் சாம்பல் எழுத்துகள் பளிச்சென்று விழித்துக்கொண்டன. 'விகிதம் மாறாமல்' என்பதைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

"ச்சே, இவ்வளவு இடம் வீணாப் போகுதே" என்றான்.

"போனா போகட்டும், நகரு."

அளந்தேன். உயரம் மூன்று, அகலம் மூன்று.

இவர் உட்கார்ந்தார். முதல் பெட்டி மேலே போனது, ஆடியது, ஆட்டம் அடங்கும் நேரம் பார்த்து இறங்கியது. கோட்டுக்குள். இரண்டாவதும் கோட்டுக்குள். மூன்று, நான்கு, ஐந்தும் அப்படியே.

"நீயும் என் கண்ணு போச்சுன்னுதானே நெனச்ச?" என்றார் திரும்பாமல்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூணாவது பெட்டி விழுந்தப்போ நெனச்சேன்" என்றேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"சரி விடு. நான் வருஷம் முழுக்க நெனச்சேன்" என்றார்.

நாலு மணிக்குத் தேர்வு. நானும் தம்பியும் கதவோரம் நின்றோம். பதினாறு பெட்டிக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. முடிந்ததும் லேப்டாப்பிலிருந்து கம்பெனிப் பெண்மணி ஒருவரின் குரல் வந்தது. "எல்லாமே கோட்டுக்குள்ள இருக்கு சார். திங்கட்கிழமை நேர்ல வாங்க. ஆமா, உங்க ஃபைல்ல கண் ஆபரேஷன்னு இருக்கே. இப்ப எப்படி இருக்கு?"

இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு மேடம்" என்றார்.

டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், நான் தொண்டை வறளச் சொல்லிவிட்டேன். இவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.