நாற்பத்தைந்தாவது அடியில் நின்ற பைக்

குமரேசனின் டிரைவிங் ஸ்கூல் வாசலில் ஒரு பலகை தொங்கும். ‘பதினெட்டு வருடம், ஒரு கீறல் இல்லை.’ தாம்பரத்தில் இதைவிடப் பெரிய பலகை வைத்தவர்கள் உண்டு. அவர்கள் காரில் கீறலும் உண்டு. குமரேசனுக்குச் சொத்து, சுகம், மரியாதை எல்லாமே அந்தப் பலகைதான்.

அவருடைய பாடம் ஒரே வரி. “ஸ்பீடு பத்து ஏறிச்சுனா, முன்னாடி வண்டிக்கு ஒரு ஸ்கூட்டர் நீளம் இடம் கூட வுடு.” பத்துக்குப் பத்து அதே அளவு. ரெண்டாயிரம் பேருக்குமேல் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு லைசென்ஸ் வாங்கிப் போனார்கள்.

ஜீவிதா மட்டும் தலையாட்டவில்லை. சேலையூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். “அளந்து பார்த்திருக்கீங்களா சார்?” என்று கேட்டுத் தொலைத்தார்.

போதாத காலம், குமரேசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலையே முடிச்சூரில் விற்காத மனைகளுக்கு நடுவே ஓடும் ஜல்லி ரோட்டுக்குப் போனார்கள். சுண்ணாம்பில் ஒரு கோடு. கோட்டைத் தொட்டதும் பிரேக். ஓட்டியது குமரேசன், டேப் பிடித்தது ஜீவிதா.

பத்து கிலோமீட்டர் வேகத்தில் மூன்று அடியில் நின்றது கார். இருபதில் பன்னிரண்டு அடி. முப்பதில் இருபத்தேழு.

ஜீவிதா நோட்டில் எழுதினார். “சார், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கூடுதுனு பாருங்க. மூணு, ஒம்போது, பதினஞ்சு. நீங்க சொன்ன மாதிரின்னா ஒரே அளவா கூடணும். இங்க கூடுறதே ஆறாறா கூடிட்டுப் போகுது. இது நேர்கோடு இல்ல சார், வர்க்கம். வேகம் ரெண்டு மடங்குன்னா தூரம் நாலு மடங்கு. அடுத்து இருபத்தொண்ணு கூடும். நாப்பதுல நாப்பத்தெட்டு அடி.”

“இன்னா மேடம் நீங்க! முதல் ரெண்டு வாட்டி வண்டி சூடே ஆவல, அத வுடுங்க. கடைசியா கூடுனது பதினஞ்சு. அப்போ நாப்பத்திரெண்டு. முடிஞ்சிது.”

சொன்னதோடு விட்டிருக்கலாம். உதவிக்கு வரும் பையன் காலையில் கொண்டுவந்து ஓரமாக விட்டுப்போயிருந்த, போன வாரம் வாங்கிய தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்பத்தைந்தாவது அடியில் குறுக்கே நிறுத்தினார். ஹேண்டில்பாரில் கட்டிய எலுமிச்சம்பழம்கூட இன்னும் வாடவில்லை.

“சார், வேணாம் சார்.”

“மூணு அடி மிச்சம் கீது மேடம். ஏறுங்க.”

நாற்பதில் வந்து, கோட்டில் பிரேக்கை மிதித்தார். ஜல்லி தெறித்தது. கார் ரொம்ப யோசித்து வேகத்தைக் குறைத்தது. பைக் பக்கத்தில் வந்தது, இன்னும் பக்கத்தில் வந்தது, பிறகு படுத்துக்கொண்டது. எலுமிச்சம்பழம் உருண்டுபோய் ஒரு மனையின் எல்லைக்கல்லில் நின்றது.

ஜீவிதா நோட்டைப் பார்த்தார். “நாப்பத்தெட்டுல நிக்க இன்னும் மூணு அடி வேணும்னா, அது நோட்டுல முதல் வரி சார், பத்துக்கு மூணு அடி. பத்து கிலோமீட்டர் வேகத்துல இடிச்சிருக்கீங்க.”

குமரேசன் பைக்கைத் தூக்கவில்லை. பம்பரில் இருந்த கீறலையும் பார்க்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவர் சொன்ன இடைவெளியை நம்பி ஓட்டிக்கொண்டிருக்கும் ரெண்டாயிரம் பேர்தான் வரிசையாகக் கண்முன் வந்து நின்றார்கள்.

ஸ்கூலுக்குத் திரும்பியதும் பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்து முதல் பெயருக்குப் போன் போட்டார்.

“பேபி அக்கா, டிரைவிங் ஸ்கூல் குமரேசன் பேசுறேன். இன்னும் வண்டி ஓட்டிகினுதான் கீறீங்களா? முன்னாடி வண்டிக்கு இடம் வுட சொன்னேன்ல, அது பத்தாது அக்கா. வேகம் ஏற ஏற இன்னும் ஜாஸ்தி வுடணும். தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்.”

பெயருக்கு நேரே ஒரு டிக். அடுத்தது சவுரிமுத்து. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல்.

குமரேசன் அதே எண்ணை மறுபடியும் அடித்தார்.