இரண்டாவது ஸ்பிரிங்

"பழசைக் குடுங்க மாமா. எங்க வண்டியில கழட்டின கார்புரேட்டரை."

அவள் கேட்டதும் மாமாவின் மெக்கானிக் பட்டறையே ஒரு நொடி நின்றுபோன மாதிரி இருந்தது. உண்மையில் எதுவும் நிற்கவில்லை; மூலையில் கம்ப்ரசர் தடதடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்கூல் வேன் டிரைவர் மட்டும் டீ கிளாஸை உதட்டில் வைத்தபடியே நிறுத்திவிட்டார்.

மாமாவிடம் என்ன வேண்டுமானாலும் கேள், கழற்றிய சாமானை மட்டும் திருப்பிக் கேட்காதே. அம்மா அவளுக்குச் சொல்லி வளர்த்ததில் இது முக்கியமானது. சொந்தக்காரர்கள் வண்டிக்கு மாமா கூலி வாங்கமாட்டார். கழற்றியது அவருக்கு. பிரித்து, கழுவி, தேறுகிறதை வேறு வண்டிக்குப் போட்டுக்கொள்வார். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு அது. திருப்பிக் கேட்டால், நல்லதைச் சுருட்டிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்வதாக அர்த்தம். பெரியம்மா வீட்டுக்காரர் எப்போதோ ஒரு பழைய டைனமோவைக் கேட்டார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அவரும் மாமாவும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள்.

"என்னம்மா சொன்னே? இந்தச் சத்தத்துல ஒண்ணும் விழல" என்றார் மாமா.

நன்றாகவே விழுந்திருந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு வாய்ப்புத் தந்தார், அவ்வளவுதான்.

"பழைய கார்புரேட்டர். வேணும்."

"நாலு எழுத்து படிச்சுட்டா மாமனையே செக் பண்ணுவாங்கப்பா" என்று வேன் டிரைவர் சிரித்தார்.

"நீங்க டீயைக் குடிங்கண்ணே. ஆறிடும்."

மாமா கையைத் துணியில் துடைத்தார். "அண்ணே, வண்டியை எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பிரேக் இன்னும் கத்துதான்னு பாருங்க." டிரைவருக்கு எழுந்திருக்க மனசே இல்லை. இருந்தாலும் போனார். வேன் சத்தம் தெரு திரும்பி மறைந்தது.

அப்பாவின் பிக்கப் அவளைவிட மூத்தது. கட்டில், பீரோ என்று கடைகளுக்குச் சுமந்து சுமந்து அது போட்ட சோறுதான் அவளைக் கல்லூரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அங்கே பீரோ இறக்கப் போனவர்கள்தான். கடைசி சில வருடங்களாகக் காலையில் வண்டி கிளம்ப மறுத்தது. அப்பா சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "வாடா கண்ணு, வா, வா" என்று கெஞ்சுவார். அது இருமும், கறுப்பாகப் புகை கக்கும், பெட்ரோலை ஒழுகவிடும். கோளாறு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற கார்புரேட்டரில். வேலைக்குப் போன முதல் மாதமே அவள் புது கார்புரேட்டர் வாங்கிவிட்டாள். கம்பெனி கொடுத்ததைவிடப் பெரியது. காற்று போக ஒன்றுக்கு இரண்டு வாய்.

"இருக்கிறதே ஓடுதேம்மா" என்றார் அப்பா.

"ஓடல. உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

மாட்டும்போது அவளும் மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். புதுசு பொருந்தி உட்கார நடுவில் ஒரு தகடு, கசிவை அடைக்க கேஸ்கட், மேலே புதுசு, அப்புறம் ஆக்சிலேட்டர் கேபிள். காலை எடுத்ததும் வேகத்தைத் திருப்பி இழுக்க ஒரு ஸ்பிரிங் போதும். மாமா எந்த வண்டிக்கும் இரண்டு போடுவார். ஒன்று சோர்ந்தால் இன்னொன்று இழுக்கும். ஆனால் இரண்டு மாட்டியதில் பெடல் கல்லாக இருந்தது. அப்பாவுக்கு வலது முட்டியில் ஓயாத வலி. சாயங்காலமானால் தைலத்தோடு உட்கார்ந்துவிடுவார்.

"ஒண்ணைக் கழட்டிடுங்க மாமா. அப்பா காலுக்கு ஆகாது."

"ரெண்டு போடுறதுதான் என் பழக்கம்."

"பழக்கம்னா சரியாயிடுமா? ஒண்ணே தாராளமா இழுக்கும். எனக்குத் தெரியும்."

அவள் படித்தது இயற்பியல். மாமா கழற்றிவிட்டார்.

வண்டி தேராக ஓடியது. அப்பா கடை கடையாகப் போய் பானெட்டைத் திறந்து காட்டினார். "என் பொண்ணு வாங்கிப் போட்டது." அப்புறம் ஒரு நாள் மூன்று பீரோக்களோடு குடோன் சரிவில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், வேகம் இறங்கவில்லை. பிரேக்கின்மேல் ஏறி நின்றும் பலனில்லை. குடோன் சுவரில் போய் மோதினார். விலா எலும்பு இரண்டு, இடது மணிக்கட்டு. குறுக்கே நின்ற வாட்ச்மேன் மயிரிழையில் தப்பினார்.

"காலை எடுத்துட்டேன், வண்டி நிக்கல" என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவரிடமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. வயசானவர், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருப்பார்.

வண்டியை இழுத்து வந்த மாமா பானெட்டைத் திறந்தார். கேபிள் பாதியிலேயே சிக்கி நின்றது. ஒற்றை ஸ்பிரிங்கால் அதை இழுக்க முடியவில்லை. சத்தமில்லாமல் இரண்டாவதை மாட்டினார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, "நாம ரெண்டு பேரும் வாயை மூடிக்கிறது எல்லாருக்கும் நல்லது" என்றார். அப்புறம் குடும்பத்துக்கு முன்னால், "வண்டியில ஒரு குறையும் இல்ல" என்றார். அவள் பக்கத்திலேயே நின்றாள். நின்றாள், அவ்வளவுதான்.

எலும்பெல்லாம் கூடிவிட்டது, வண்டியும் சரியாகி வீட்டு வாசலில் நிற்கிறது. இப்போதெல்லாம் அப்பா அதைச் சொல்வதில்லை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து வலது பாதத்தைத் தரையில் அழுத்துகிறார், எடுக்கிறார், கொஞ்சம் நகர்த்தி மறுபடி அழுத்துகிறார். காலையில் அவளிடம் மெதுவாகக் கேட்டார். "பாப்பா, பிரேக் நடுவுலதானே?" அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே வண்டி ஓட்டுகிற மனிதர். இன்று சாயங்காலம் வண்டியை விலை பேச ஆள் வருகிறது.

"எதுக்கு உனக்கு அது?" என்றார் மாமா.

"இன்னைக்கே மாட்டணும். பழைய மாதிரியே, ரெண்டு ஸ்பிரிங்கோட. அப்பாவை உட்கார வெச்சு ஒரு தடவை ஓட்டச் சொன்னா அவருக்குத் தைரியம் வந்துடும். விக்கமாட்டார்."

"ஒழுகுமே."

"ஒழுகட்டும்."

"ஏன் மாத்துறோம்னு மச்சான் கேட்டா?"

"புதுசு ஒத்துக்கலன்னு சொல்லிக்கலாம்."

மாமா உள்ளே போனார். மண்ணெண்ணெய் வாசத்தோடு அதைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். கழுவியிருந்தார், ஒரு திருகாணியைக்கூடப் பிரிக்கவில்லை.

"பிரிக்கக் கை வரல. எடுத்துக்கோ. மாட்டலாம், நல்லாவும் ஓடும். அப்ப அன்னைக்கு யார் மேல தப்புன்னு மச்சான் கேட்பாரே, அதுக்கு என்ன சொல்லுவே?"

அவள் கார்புரேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லமாட்டே. நான் ஸ்பிரிங்கை மாட்டி மூடினேன். நீ கார்புரேட்டரை மாட்டி மூடப் பார்க்கிறே. இதுல என்மேல கோபம் வேற."

"நீங்கதானே வாயை மூடச் சொன்னீங்க!"

"சொன்னேன். பொறந்ததுல இருந்து ஒரு விஷயத்துல என் பேச்சைக் கேட்டிருக்கியா நீ? இதுல மட்டும் எப்படிக் கேட்டே?"

சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. மாமா பயந்தது பட்டறையின் பேருக்கு. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தார். அதையெல்லாம் அவளால் திட்டித் தீர்த்துவிட முடியும். அவள் பயந்தது எதற்கு? கடை கடையாகப் போய் 'என் பொண்ணு' என்று சொன்ன வாய் இனிமேல் அப்படிச் சொல்லாமல் போய்விடுமே என்பதற்கு. அதற்காக அப்பாவின் காலையே அப்பா சந்தேகப்படும்படி விட்டிருந்தாள்.

ஃபோன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்கே? வண்டி பார்க்கிறவங்க சீக்கிரமே வர்றாங்களாம். உங்கப்பா சாவியை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கேட்டா, 'இரு, குடுக்கிறேன்'ங்கிறார். கையை மட்டும் பிரிக்கமாட்டேங்கிறார்."

"வர்றவங்களை உட்கார வைம்மா. அப்பாகிட்ட நான் ஒரு விஷயம் பேசணும்."

"இப்ப என்னடி பேச்சு?"

"வந்து சொல்றேன்." துண்டித்தாள்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. "பாப்பா, பொறும்மா. ஒரு ரெண்டு நாள் போகட்டும். மெதுவா, நானே பக்குவமா..."

"கழட்டச் சொன்னது நான். முதல்ல அதைச் சொல்லுவேன். நீங்க திருப்பி மாட்டினதையும் சொல்லுவேன் மாமா. நான் சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லணும்னா கூட வாங்க."

"அக்கா என்னைக் கொன்னுடுவா."

"என்னையும்தான்."

வேன் திரும்பி வந்து வாசலை அடைத்தபடி நின்றது. "இன்னும் கத்துதுப்பா!" என்று டிரைவர் தலையை நீட்டினார். மாமா அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. வேனுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பக்கவாட்டாக நுழைந்து வெளியே வந்தாள். முதல் வார்த்தை எது என்பது முடிவாகிவிட்டது. உங்க கால் சரியாத்தான் இருந்துச்சுப்பா. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். வெயிலில் வீட்டுப் பக்கம் நடந்தாள்.