குடும்பக் குழுவில் சின்னம்மாவின் மூளை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்கப் போவதில்லை. போன மாதம் என் சின்னம்மா வேம்புலியம்மாள் ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் தலைசுற்றி விழுந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். அவர் மகன் சந்தோஷ் ரிப்போர்ட்டைப் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான்: 'அம்மாவுக்கு மூளை சுருங்கிடுச்சு.' கீழே முப்பத்தேழு கும்பிடுகள் வந்து விழுந்தன. அதில் ஒன்று நான் போட்டது.

2

முதல் வரைவின் தொடக்கம்:

[அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதற்காக அங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் அவர்...]

பொய். சின்னம்மா பாலைப் பொங்கவிட்டதே இல்லை. ஸ்கேன் என்ற சொல் வந்ததுமே என் பேனா அவரை மறதிக்காரியாக்கிவிட்டது. எழுதுகிறவள் புத்தியே இப்படி என்றால் சந்தோஷை என்ன சொல்ல?

(ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான்: ரத்தக்கசிவு இல்லை, கட்டி இல்லை, வயதுக்கேற்ற அளவில் மூளைச் சுருக்கம். அறுபத்தெட்டு வயதில் கைத்தோல் சுருங்கினால் அதை யாரும் குழுவில் போடுவதில்லை. 'வயதுக்கேற்ற' என்ற சொல்லை மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை.)

3

ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூருக்கு, சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சின்னம்மா பாடியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் போல்ட் செக்கிங் பார்த்தவர்; ஒவ்வொரு போல்ட்டும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. இரண்டு பிரஷர் மாத்திரை அட்டைகளை என் முன்னால் வைத்தார். ஒன்று பழைய டாக்டர் எழுதியது, இன்னொன்று புது டாக்டர் எழுதியது.

"இத்தப் பாரு யுவா. மேல பெருசா கீற பேரு வேற வேற. கீய பொடி எழுத்து ரெண்டுலயும் ஒண்ணு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தா வச்சுப் பாத்துட்டேன். ஒரே மாத்திரய ரெண்டா துன்னா தல சுத்தாம இன்னா பண்ணும்?"

"சந்தோஷ்கிட்ட சொன்னியா சின்னம்மா?"

"சொல்லாமயா? செரிம்மா செரிம்மான்னு தண்ணியக் குடுத்து, முழுங்குற வரிக்கும் எதுர்லயே நின்னுகினு கீறான். மூள தேஞ்சுகீதுன்னு தூக்கிக் கடாசறதா செக்கிங்கு? அளவுக்குள்ள கீதான்னுதானமே பாக்கணும்?"

அன்று சாயங்காலமே சந்தோஷ் குழுவில் எழுதினான்: 'இப்ப எல்லா மாத்திரையும் அம்மாவுக்கு ஒண்ணாத் தெரியுதாம்.' சிரிப்புப் படங்களும் அழுகைப் படங்களும் வரிசை கட்டின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4

முடிவுக்கு மூன்று யோசித்தேன்.

(அ) சின்னம்மா மறுபடி விழுகிறார், இந்த முறை குளியலறையில். பத்திரிகைகள் இதைத்தான் விரும்பும். எழுதக் கை கூசுகிறது.

(ஆ) டாக்டர் இரண்டு அட்டைகளையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். சந்தோஷ் மன்னிப்புக் கேட்கிறான். அவன் கேட்கமாட்டான். அவனைத் தொட்டிலிலிருந்து எனக்குத் தெரியும்.

(இ) சின்னம்மா ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து, அவன் போன பிறகு... சொந்த வீட்டில் திருட்டுத்தனமா? அவர் ஏன் ஒளிக்க வேண்டும்?

5

நீங்கள் ஒன்று கேட்கவில்லை. கேட்டுவிடாதீர்கள் என்றுதான் வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டைகளைப் பார்த்த நான் என்ன செய்தேன்?

நோட்டில் குறித்துக்கொண்டேன். 'பொடி எழுத்து, நல்ல இடம், கதையில் வைக்கலாம்.'

இன்று வியாழக்கிழமை. நான்கு நாளாக நான் தொடக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் இரண்டிரண்டாக விழுங்கிக்கொண்டிருக்கிறார். சந்தோஷ் அவரை நம்பவில்லை, அதனால் கேட்கவில்லை. நான் நம்பினேன். நம்பிவிட்டு எழுத உட்கார்ந்தேன். எவன் மேலோ இருந்த கோபம் இப்போது வேறு எங்கும் போக வழியில்லாமல் என்னிடமே வந்து நிற்கிறது.

காலை மணி ஏழு ஐம்பது. அவன் தண்ணீர் டம்ளரோடு வருவது எட்டு மணிக்கு. மேலே மூன்று முடிவுகள் இருக்கின்றன, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். நான் சின்னம்மாவுக்குப் போன் போடுகிறேன்.

ரிங் போகிறது. எடுக்கவில்லை. மறுபடி போடுகிறேன்.