கொக்கி அசையவில்லை

1

இந்தக் கதை வேலைவெட்டி இல்லாததால் பிறந்தது. ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டேன். பகலில் தூங்கிப் பழகிய உடம்பு, விட்ட பிறகு ராத்திரியிலும் தூங்கவில்லை, பகலிலும் தூங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கிரேன் கொக்கியில் ஒரு கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. வெகுநேரம் அப்படியே நின்றது. கீழே ஒருவர் வாக்கி-டாக்கியை வாயருகே வைத்து, அண்ணாந்தபடி பேசிக்கொண்டே இருந்தார். பிறகு கட்டு இறங்கியது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "அவர் கண்களில் மரண பயம் தாண்டவ—" [நிறுத்து. அந்த உயரத்தில் கண் யாருக்குத் தெரிந்தது?]

இரண்டாவது: "எந்த நொடியிலும் விழக்கூடிய அந்தச் சுமைக்குக் கீழே—" [கிரேன் மெக்கானிக் ஒருவரைக் கேட்டேன். "கைப்பிடிய விட்டா சுமை அங்கயே நின்னுடும் சார். சினிமா பாத்துக் கெட்டுப்போயிருக்கீங்க" என்றார். பரபரப்பில் பாதி அங்கேயே போயிற்று.]

மூன்றாவது: ஆபரேட்டர் கொஞ்ச நாளாகவே கிரேன்மேல் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இது நிற்கும்.

3

அவரைக் கட்டடத்தில் எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்பார்கள். காலையில் ஏணியேறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே நின்று வழிகாட்டுபவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. இருவருக்கும் ஒரு வழக்கம். கீழேயிருந்து வரும் சொல்லை மேலே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை அசையும். "வலது." "வலது." இது வீட்டுக்கும் தொற்றிவிட்டது. சாப்பிடும்போது ஒருவர் "உப்பு" என்றால் மற்றவர் "உப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்த்துவார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இருக்கை ஆடுகிறது என்றார். பிரேக் சரியில்லை என்றார். மெக்கானிக் ஏறிப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொல்லி முனகிக்கொண்டே இறங்கினார். இதற்கிடையே மேல்வீட்டுக்காரர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கியிருந்தார். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தார். தூக்கமும் போனது. அந்தப் பழியைத் தலையணைமேல் போட்டார்.

[இங்கே ஒரு காரணம் வைக்க ஆசை வந்தது. கூட வேலை பார்த்தவர் விழுந்து இறந்ததாக எழுதினேன், அடித்தேன். காரணம் காட்டாமலும் இது வரும். வாசகரின் திருப்திக்காக ஒருவரைக் கொல்ல முடியாது.]

4

அன்று கட்டு பாதி வழியில் நின்றது.

"மாமா, இடது."

மைத்துனர் பொத்தானை மறுபடி அழுத்தினார்.

"இடது மாமா. கேக்குதா?"

"மச்சான், காத்து பயங்கரமா அடிக்குது. கிரேன் ஆடுது. ஆளுங்கள தள்ளி நிக்கச் சொல்லு!"

மைத்துனர் விசிலடித்து எல்லோரையும் விலக்கினார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கம்பிக்கட்டு வரைந்து வைத்தது போல நின்றது. சாரத்தில் காயப்போட்டிருந்த சாக்கின் நுனிகூடப் புரளவில்லை.

"மாமா, கொக்கி அசையவே இல்ல."

"ஆடுதுடா! மேல இருக்கிற எனக்குத் தெரியாதா?"

"கொக்கியப் பாருங்க. கொக்கிய மட்டும் பாருங்க."

கூண்டுக் கண்ணாடியோரம் ஒரு தலை குனிந்தது.

"அப்ப ஆடுறது எது?"

"நீங்கதான் மாமா."

வாக்கி-டாக்கியில் கட்டடம் முழுக்க ஒரே அலைவரிசை. யாரோ சிரித்தார்கள். "மேல்வீட்ல பேய் பூந்துருச்சா?"

"எவன்டா அது? கலவை மிஷின்ல போட்டுச் சுத்திருவேன்" என்றார் மைத்துனர். அலைவரிசை அடங்கியது.

"நெஞ்ச அடைக்குது மச்சான். செத்துருவேன் போல இருக்கு."

"கைப்பிடிய விடுங்க. சொல்லுங்க."

"கைப்பிடி... விட்டுட்டேன்."

"பாதத்தத் தரையில அழுத்துங்க."

"பாதம். தரை."

"மூச்ச இழுங்க. விடறப்ப மெதுவா, டீ ஆத்துற மாதிரி."

"மெதுவா... டீ ஆத்துற மாதிரி."

"மறுபடி."

"இன்னும் எத்தன தடவடா?"

"எனக்கென்ன வேலை இருக்கு? சாயங்காலம் வரைக்கும் சொல்றேன்."

[மைத்துனரை இங்கே ஞானியாக்கி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துப் போட்டேன். அவருடைய சின்ன மகள் அழுது அழுது விக்கும்போது அவர் செய்வது இதுதான். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.]

பயம் உச்சிக்குப் போனது. அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் இறங்க ஆரம்பித்தது. கடைசியில் மேலேயிருந்தே குரல் வந்தது.

"என்ன சொன்ன, இடதா?"

"இடது."

"இடது."

கட்டு இறங்கியது. பின்னாலேயே அவரும் ஏணியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

5

இன்ஜினியர் அம்மா ஓடிவந்தார். "என்ன பிரச்சனை?"

"காத்து மேடம்" என்றார் மைத்துனர்.

"காத்து இல்ல" என்றார் மேல்வீட்டுக்காரர். "கிரேன்லயும் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

[அதை அவரைச் சொல்லவைக்க எனக்கு மூன்று வரைவு பிடித்தது. மூன்றிலும் அவர் பொய் சொன்னார்.]

மருத்துவர் இதயத்தைப் பார்த்தார். கோளாறில்லை, இது பதற்றம் என்றார். கொஞ்ச நாள் விடுப்பு, தொடர்ந்து வந்து பேச வேண்டும். பிறகு, ஏறலாம் என்றார். விடுப்பு முடிந்து வந்த அன்று, இன்ஜினியர் கீழே சாமான் அறையிலும் ஓர் இடம் வைத்திருந்தார். "உங்க இஷ்டம்தான். ஆனா இன்னைக்குச் சொல்லிடுங்க. ஏறலைன்னா மேல வேற ஆள் போடணும்."

6

முடிவு ஒன்று: ஏறுகிறார். கூண்டின் கண்ணாடியில் காலைச் சூரியன் பொன்னாக— [சூரியனை வைத்து முடிப்பவனை நான் நம்புவதில்லை.]

முடிவு இரண்டு: சாமான் அறைக்குப் போகிறார். நன்றாகத் தூங்குகிறார். [இதைத் தோல்வி என்று எழுதப் போனேன். வேலையை விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த யோக்கியதை இல்லை.]

ஆக, அவர் இப்போது ஏணியடியில் நிற்கிறார். ஒரு கை முதல் படியில்.

"நெஞ்சு அடிச்சுக்குது மச்சான்."

"எனக்கும்தான். ஏணின்னாலே எனக்கு ஆகாது. பின்ன ஏன் கீழயே நிக்கிறேன்?"

மேல்வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அண்ணாந்து கொக்கியைப் பார்த்தார். அது அசையவில்லை. "ஆடுறது நான்தான்" என்றார், யாரிடமும் குறை சொல்லாத குரலில். பாதத்தைத் தரையில் அழுத்தினார்.

என்னிடம் இரண்டு சொற்கள்தான் மிச்சம். ஏறு. திரும்பு. இரண்டையும் சொல்லிவிட்டேன். அவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், திருப்பிச் சொல்லாமல் கை அசையாது. மூச்சை மெதுவாக விட்டுவிட்டு, ஒன்றைச் சொல்லுங்கள்.

அவசரமில்லை. அவர் நிற்பார்.