மூக்கு ரோட்டைப் பார்த்து

லாரிக்காரர் லாரியை விட்டு இறங்கி இரண்டு வருடமாகிவிட்டது. முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியதில், வலது கால் அவர் பேச்சைக் கேட்காமல் போனது. பிரேக்கை மிதிக்கச் சொன்னால் யோசித்து மிதிக்கிற காலை நம்பி யார் லாரியைக் கொடுப்பார்கள்? வேலை போனது, பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. அதை வாங்கும்போதே மனைவியின் தம்பி, கார் மெக்கானிக், "வேணாம் மாமா, இது நம்மள உக்கார வச்சு வேலை வாங்கும்" என்று தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிப் பார்த்தான். லாரிக்காரர் கேட்கவில்லை. "உனக்கு வண்டியக் கழட்டத்தான் தெரியும், எனக்கு ஓட்டத் தெரியும்" என்றார். அதன் பிறகு காரைப் பற்றி மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்க அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கௌரவம் பார்க்கிறவர்களுக்கு ஊரில் எப்போதும் வேலை அதிகம்.

இப்போது காரை ஓட்டுவது அவர் மனைவி. நகரத்தின் மறுகோடியில் உள்ள முதியோர் இல்லத்தில் அவளுக்குக் காலைச் சமையல். அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொண்டு தட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், சாப்பாடு தாமதமானால் மயக்கம் வந்துவிடும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் வாங்கின புதிதில் ஒரு நாள், "வழியில எங்கேயாவது மக்கர் பண்ணுச்சோ, அன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்று சொல்லியிருந்தாள். விளையாட்டாகச் சொன்னாளோ, வினையாகச் சொன்னாளோ, லாரிக்காரர் அதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டார்.

குளிர் தொடங்கியதிலிருந்து கார் மக்கர் பண்ணத்தான் செய்தது. பகலில் ஒரு தொல்லையும் இல்லை, சாவியைத் தொட்டாலே உறுமும். விடிகாலையில்தான் வீம்பு. ஆகவே அவர் மனைவிக்கு முன்னால் எழுந்து, சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படியிறங்கி முற்றத்துக்குப் போவார். சாவியைத் திருப்பி, எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டரின் மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் பண்ணுவார். எஞ்சின் சுற்றும், பிடிக்காது. மறுபடியும் சுற்றும், பிடிக்காது. பிறகு இறங்கி, பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டரின் தலையில் உள்ள சின்னக் கைப்பம்பைக் குனிந்து நின்று அமுக்குவார். குனியவே கூடாது என்று டாக்டர் சொன்ன முதுகு அது. பம்பு கையில் இறுகும்வரை அமுக்கிவிட்டுத் திரும்ப ஏறிச் சாவியைத் திருப்பினால், கார் இருமி, நடுங்கி, ஒரு வழியாக உயிர் பிடிக்கும்.

மனைவி கைப்பையோடு இறங்கி வரும்போது கார் சமர்த்தாக உறுமிக்கொண்டிருக்கும். லாரிக்காரர் பக்கத்தில் நின்று கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"வண்டி எப்படிங்க இருக்கு?"

"அதுக்கென்ன, சிங்கக்குட்டி."

அவள் ஏறிப் போவாள். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவார். வலி உயிர் போகும். ஆனாலும் அன்றைய நாளில் தன்னால் ஆன ஒரு வேலை முடிந்தது என்கிற நிம்மதி, வலியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

இப்படியே பனிக்காலம் முழுவதையும் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை படுக்கை காலியாகிறது, வந்து சேருங்கள், ஆபரேஷன். மனைவிக்கு ஒரே சந்தோஷம். லாரிக்காரருக்குக் கவலை பிடித்துக்கொண்டது, ஆபரேஷனுக்காக அல்ல. அவர் அங்கே மல்லாந்து படுத்திருக்கும்போது இங்கே யார் காரை எழுப்புவது? இருட்டில் அவள் தனியாகச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அங்கே கிழடுகள் ஊசி போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள்.

வேறு வழியில்லாமல் கௌரவத்தைச் சுருட்டி வைத்துவிட்டு மச்சானுக்குப் போன் போட்டார். "காலையில லேசா அடம் பிடிக்குது. சும்மா வந்து பாரேன். அக்காகிட்ட சொல்லாதே."

மச்சான் மறுநாளே, அக்காவுக்கு வேலை இல்லாத நாளில், அவள் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தான். சாவியைத் திருப்பினான், கார் உடனே உறுமியது. அணைத்துவிட்டு இறங்கி, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"மாமா, இது ஏன் சூடா இருக்கு?"

லாரிக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வச்சீங்களா?"

"நீ வர்ற நேரத்துல மானத்த வாங்கிடக் கூடாதேன்னு..."

"காய்ச்சல்னு டாக்டரக் கூப்பிட்டுட்டு, அவர் வர்றதுக்குள்ள மாத்திரையப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு." மச்சான் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். "நாளைக்கு விடிகாலையில வர்றேன். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க. தொட்டா நான் கண்டுபிடிச்சிருவேன்."

அன்று இரவு லாரிக்காரர் தூங்கினாரோ இல்லையோ, காரைத் தொடவில்லை. விடியும் நேரத்தில் மச்சான் கருவிப் பெட்டியோடு வந்தபோது அவர் முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அன்றும் மனைவிக்கு விடுமுறை. மேலே தூங்குகிறாள் என்று சைகையில் காட்டினார்.

கார் எதிர்பார்த்தபடியே பிடிக்கவில்லை. மச்சான் அவரை ஏற்றிச் சுற்றச் சொல்லிவிட்டுத் தான் காது கொடுத்து நின்றான். "பேட்டரி நல்லா சுத்துது. அது இல்ல." சோதனை விளக்கை எடுத்து ஹீட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் விளக்கு எரிந்தது. "இதுவும் இல்ல." பிறகு பின்னால் போய்ப் புகைக்குழாய்ப் பக்கம் குந்தினான். "சுத்துங்க... போதும். வெள்ளைப் புகைகூட வரல மாமா. டீசல் வந்து எரியாம போனா புகையாவது வரும். இதுக்கு டீசலே போய்ச் சேரல."

கைப்பம்பை அமுக்கிப் பார்த்தான். அது பஞ்சு மாதிரி உள்ளே போனது. "ராத்திரி முழுக்க எங்கேயோ காத்து புகுந்து, டீசல் மொத்தமும் டாங்குக்கே திரும்பிப் போயிடுது. எங்கேன்னுதான் தெரியணும். இங்க ஹோஸுங்க எத்தனையோ இருக்கு." கொஞ்சம் யோசித்தான். "என்னிக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையில சட்டுனு பிடிச்சிருக்கா?"

"என்னிக்கும் இல்ல."

"ஒரு நாள் பிடிச்சுது" என்று படியிலிருந்து குரல் வந்தது.

இருவரும் திரும்பினார்கள். மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு படியின் பாதியில் நின்றிருந்தாள்.

"போன மாசம் நான் ரொம்ப அசந்து வந்தேனே, அன்னிக்கு வண்டிய ரிவர்ஸ்ல விடாம நேரா உள்ள விட்டேன். நீங்ககூடக் கோவிச்சுக்கிட்டீங்க. மறுநாள் காலையில ஒரே சுத்துல பிடிச்சுது."

அந்த முற்றம் தெருவைவிடத் தாழ்வு. தெருவிலிருந்து சரிவாக இறங்கித்தான் உள்ளே வர வேண்டும். லாரிக்காரருக்கோ ஒரு கட்டளை உண்டு. வண்டி எப்போதும் கிளம்பத் தயாராக, மூக்கு ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். லாரிப் பழக்கம். அதனால் தினமும் மாலையில் அவர் பின்னால் நின்று, "வா, வா, ஒடி, ஒடி, நில்லு" என்று கைகாட்ட, மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு ரிவர்ஸில் இறக்குவாள். கார் ராத்திரி முழுக்க மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், பின்னால் இருக்கிற டீசல் டாங்க் கீழே கிடக்கும்.

மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காரை வெளியே தள்ள லாரிக்காரர் போனார். மனைவி அதட்டி நிறுத்தினாள். கைப்பம்பை அமுக்கி எழுப்பி, ஒரு சுற்று போய்வந்து, நேராக உள்ளே விட்டான் மச்சான். டாங்க் மேலே, மூக்கு கீழே, டீசல் திரும்பிப் போக வழியில்லை. கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஃபில்டருக்கு வருகிற ஹோஸின் முனையில், கிளிப்புக்கு அடியில், ஈரம் மினுமினுத்தது. கழற்றினான். ரப்பரில் கிளிப் வெட்டிய ஒரு மெல்லிய கீறல்.

"ஃபில்டர் மாத்துனது யாரு?"

"நான்தான்" என்றார் லாரிக்காரர். "குளிருக்கு முன்னாடி."

"லாரிக் கை மாமா. அளவுக்கு மேல முறுக்கிட்டீங்க."

விரல் நீள ஹோஸ். புதிதாக ஒன்றை வெட்டி மாட்ட, ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. மச்சான் கையைக் கழுவ மேலே போனான்.

லாரிக்காரர் மனைவியைப் பார்த்தார். இவ்வளவு நேரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"ஒரே சுத்துல பிடிச்சுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"படுக்கை ரூம் ஜன்னலுக்குக் கீழதானே வண்டி நிக்குது. எனக்கென்ன காது செவிடா?"

"தினமும் கேட்டியா?"

"தினமும்." அவள் சால்வையின் நுனியைத் திருகினாள். "எஞ்சின் பிடிக்கிற வரைக்கும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். முதுகு வலியோட குனியிறீங்களேன்னு அழுகையா வரும். இறங்கி வந்து, விடுங்க, வேற வண்டி பாப்போம்னு சொல்ல எத்தனையோ நாள் எழுந்தேன். சொன்னா, இந்த ஒரு வேலையும் நம்ம கைய விட்டுப் போச்சேன்னு உடைஞ்சு போவீங்க. அதான் படுத்துக்கிட்டேன்."

லாரிக்காரருக்கு, ஒளித்து வைத்த தன்னை நினைத்து வெட்கமும், ஒளித்ததை ஒளித்தே வைத்திருந்த அவளை நினைத்துப் பாசமும் ஒன்றாக வந்தன. அதோடு ஒரு சின்ன பயமும். கார் சரியாகிவிட்டது. இனிமேல் விடிகாலையில் தனக்கு என்ன வேலை? அதை அவர் சொல்லவில்லை. கண்ணாடியில் இல்லாத பனியைத் துடைத்தார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மறுநாள் ஆபரேஷன், அதற்கு அடுத்த நாள் முழுக்க மயக்கமும் வலியும். அதற்கும் அடுத்த விடிகாலை, உடம்பு பழக்கத்தில் தானாக விழித்துக்கொண்டது. அசையக் கூடாது. வார்டில் எல்லோரும் தூங்க, அவர் கூரையைப் பார்த்தபடி, இப்போது படியிறங்கியிருப்பாள், இப்போது கதவைத் திறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே கிடந்தார். தலையணை ஓரத்தில் போன் அதிர்ந்தது.

"பேசாதீங்க. கேளுங்க" என்றாள் மனைவி.

சீட் கிறீச்சிட்டது. சாவி நுழையும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மஞ்சள் விளக்கு எரிகிறது என்று அவருக்குத் தெரிந்தது. அது அணைகிற வரைக்கும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகியது, எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார். "இனிமே வசதிதான் உனக்கு. நான் அங்க இல்லையே, நேராவே உள்ள விடலாம். ரிவர்ஸ் தொல்லை இல்ல."

"நேராவா? மூக்கு ரோட்டைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கேன்."

"எதுக்கு?"

"நீங்க வந்து பாத்தா திட்டுவீங்களே. பின்னால நின்னு கைகாட்ட ஆள் இல்லாம, நேத்து அந்தக் குழாயடிச் சுவர்ல கொஞ்சம் உரசிடுச்சுங்க. சீக்கிரம் வீடு வந்து சேருற வழியப் பாருங்க."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் லாரிக்காரர். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கப் போன் பிடித்த கையை எடுக்க முடியவில்லை.

"இடது பக்கம்."

"ஸ்டீயரிங்க சீக்கிரமே ஒடிச்சிருப்பே" என்றார். "நான் வந்து சொல்றேன்."