பதினோரு லோடு முள்

ஒரு ஆபீசர் வந்து நிலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கன்னிகா ஆறு திங்கட்கிழமை அலைந்தாள். பழைய ரிக்கார்டு சித்தூரில் இருக்கிறதென்று சித்தூருக்குப் போனால், ஜில்லாவைப் பிரித்தாகிவிட்டது, திருப்பதிக்குப் போ என்றார்கள். திருப்பதிக்குப் போனால், சித்தூர் நகல் எங்கே என்றார்கள். சத்தியவேட்டிலிருந்து பஸ் ஏறி ஏறி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று.

விஷயம் இதுதான். ஊர் மலைக்குக் கிழக்கே இருந்த கல்குவாரி இப்போது மேற்கேயும் வர வேண்டுமாம். அதற்கு முப்பத்தாறு ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கைக் குத்தகைக்குக் கேட்டிருந்தார்கள். நிலம் சர்க்காருடையதுதான், ஆனால் ஊர் ஆடுகள் அத்தனைக்கும் அதுதான் சோறு. கன்னிகாவுக்கு மட்டும் ஐம்பத்திரண்டு ஆடு. நிலம் போனால் அத்தனையையும் விற்றுவிட்டு, கம்பெனி வேன் ஏறிக் கூட்டிப் பெருக்கப் போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட நிலத்தை 'வெறும் தரிசு, ஆடுமாடு மேய்வதில்லை' என்று குவாரிக்காரர்கள் மனுவில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்றே கன்னிகா பேனாவை எடுத்தாள். வந்து பாருங்கள், புதரையும் பாருங்கள், ஆட்டையும் பாருங்கள் என்று பதில் மனுப் போட்டாள்.

ஏழாவது திங்கட்கிழமை, புதன்கிழமை வருகிறேன் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவழியாகச் சொன்னார். எங்கே அவர் மறந்துவிடுவாரோ என்று கன்னிகா ஊருக்கே திரும்பவில்லை. திருச்சானூரில் அக்கா வீட்டில் தங்கினாள். புருஷன் செங்கல்வராயனுக்குப் போன் போட்டு, ஆபீசர் வருகிறார், எல்லாம் தயாராக இருக்கட்டும் என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன வாயை அப்புறம் அவளே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டரோடு ஜீப்பிலிருந்து இறங்கியவள், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். வண்டி நின்ற இடத்திலிருந்து மலையடி வரைக்கும் நிலம், திருமலையில் மொட்டை போட்ட தலை மாதிரி வழவழவென்று கிடந்தது. நடுவில் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலி, இளநீர், ரோஜா மாலை. ஒரு ஆடு இல்லை. ஆபீசர் பக்கம் ஆட்டு வாடை வரக்கூடாதென்று ஊர் ஆடு மொத்தத்தையும் பட்டியில் அடைத்துவிட்டார்களாம். புதுச் சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றான் செங்கல்வராயன்.

"இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற?" என்றாள்.

ஆபீசர் காலில் முள் குத்தினால் ஊருக்குத்தானே கேவலம் என்றான் அவன். குவாரி மேனேஜரிடம் போய்க் கேட்டானாம், மனுஷன் மறுபேச்சில்லாமல் ஜேசிபி அனுப்பினாராம், டீசல்கூட அவரே போட்டாராம். எவ்வளவு நல்ல மனுஷன் பார் என்று வேறு சொன்னான். கன்னிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மாலையை வாங்கிக்கொண்டார், இளநீரும் குடித்தார், ஃபைலைத் திறந்தார். செடி, புதர்: இல்லை. ஆடு, மாடு: இல்லை. பார்த்ததைத்தானே அம்மா நான் எழுத முடியும் என்று தெலுங்கில் சொன்னார். கெட்டவர் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய?

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். வெட்டினதெல்லாம் எங்கே என்று கேட்டாள்.

"ஏரிக்கரையில கொட்டிக்கிறோம். பதினோரு டிராக்டர் லோடு!" என்றான் அவன், அப்போதும் பெருமையாக.

இன்ஸ்பெக்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனாள். இலந்தையும் கிளுவையும் வேலமுள்ளும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. இலை இன்னும் வாடவில்லை. பதினோரு லோடு தழை கொடுத்த நிலம் எப்படித் தரிசாகும், இதை எழுதுங்கள் என்றாள்.

அவர் குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எழுதலாம், ஆனால் அனுமதியில்லாமல் சர்க்கார் நிலத்தில் வெட்டியது குற்றம், எழுதினால் வெட்டினவன் மேல் கேஸ் போட்டே ஆக வேண்டும் என்றார்.

பின்னால் வந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக ஷாமியானா பக்கம் நழுவினார்கள். செங்கல்வராயன் மட்டும் வாடிய முகத்தோடு நின்றான். கன்னிகாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது. ஆறு வாரம் பஸ்ஸில் வீணாய்ப்போனது அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது.

"எழுதுங்க சார்," என்றாள். "மொதோ பேரு எங்க ஊட்டுக்காரரு பேரு. ஜேசிபி யாருதுன்னு ரெண்டாவதா எழுதுங்க. அதையும் அவரே சொல்லுவாரு."

அவன் அவளைப் பார்த்தான், மொட்டை நிலத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் உறைத்தது.

"செங்கல்வராயன், சார். நைனா பேரு முனுசாமி," என்றான்.

பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். புதுச் சட்டையோடு ஜேசிபிக்கு முன்னால் நின்று அவன் எடுத்துக்கொண்ட போட்டோ அதில் இருந்தது. நம்பர் பிளேட் தெளிவாக விழுந்திருந்தது. இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்து அதை ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டார்.