பேப்பரில் வந்த முகம்

அண்ணன் போனில் அழைத்தபோது அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை உலர்த்தும் இயந்திரத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, மாப்பிள்ளை உன்ன ஒழுங்கா பாத்துக்கலையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல,” என்றார். குரல் தழுதழுத்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேப்பரைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிறு இணைப்பில் பாதிப் பக்கத்துக்கு அவள் முகம். சலவைக்கூடத்துப் பெண்களைப் பற்றி எழுதப்போவதாக நாலைந்து நாள் முன்னால் ஒரு நிருபர் பெண் வந்துவிட்டுப் போயிருந்தாள். தன்மையாகத்தான் பேசினாள். அன்று காலையில்தான் இவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டியபோது எடுத்த படம். அதன் கீழே தடித்த எழுத்தில்: ‘வாழ்க்கை இந்த முகத்தை உழுதுவிட்டுப் போயிருக்கிறது. சொல்லாத துயரங்களின் சுமையில் அந்தக் கண்கள் எப்போதோ அணைந்துவிட்டன.’

“அணைஞ்சிருந்தா நான்தானே வந்து சரி பண்ணணும்,” என்றான் கணவன். எலக்ட்ரீஷியன். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தவன், மறுநாள் சாயங்காலம் வேலையிடத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். நாலு பேர் கேட்டிருக்கிறார்கள், வீட்டில் அடிப்பாயா என்று.

பக்கத்து வீட்டுக்காரி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எதையும் மனசுலயே வச்சுக்காதீங்கக்கா,” என்றாள். அந்த உள்ளங்கை வெதுவெதுவென்று பிசுபிசுத்தது. விட மாட்டேன் என்கிறது. அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத நர்ஸ் ஒருத்தி கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள், அதுவும் பல் பிடுங்கிய பக்கமாகப் பார்த்து. சீழும் வாந்தியும் ஊறிய துணிகளை இவள் வெறுங்கையால் உதறிப் பிரித்திருக்கிறாள். ஒருநாளும் குமட்டியதில்லை. ஆறுதல் சொல்ல வந்த இந்தக் கைகள் குமட்டின. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

சலவைக்கூட சூப்பர்வைசர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அடுத்தது இவள்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேனேஜர் கூப்பிட்டபோது அதற்காகத்தான் என்று நினைத்துப் போனாள். மேசைமேல் பேப்பர் விரிந்து கிடந்தது.

“உங்க தலையில இன்னும் பாரத்தை ஏத்த எனக்கு மனசு வரலம்மா. சின்னப் பொண்ணு ஒருத்திய போட்டுட்டேன். நீங்க கொஞ்சம் நிம்மதியா இருங்க.”

“சார், அது பல்லுவலி.”

“தெரியும்மா,” என்றார் அவர் கனிவாக. “எல்லா வலியையும் வெளிய சொல்லிட முடியுமா.”

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். நிருபர் பெண் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “அக்கா, அந்த வரிய எவ்வளவு பேர் ஷேர் பண்ணியிருக்காங்க தெரியுமா?”

“அன்னைக்கு எனக்குப் பல்லு புடுங்கியிருந்துச்சு. அத அப்படியே போட்டுடுங்க. எனக்கு வர வேண்டிய வேலை போயிடுச்சு.”

நிருபர் பெண் தயங்கினாள். “அப்படிப் போட்டா அந்தக் கட்டுரையோட கனமே போயிடும்க்கா.”

பத்திரிகை ஆசிரியர் எழுந்து வந்தார். சிரித்த முகமாகப் புதிதாக ஒரு படம் எடுத்துப் போடலாம், பதவியும் தானாக வந்துவிடும் என்றார். போட்டோகிராஃபர் அவளை ஜன்னலோரம் நிறுத்தினான். சிரிக்கச் சொன்னான். வேலைக்காகச் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் என்றான். இன்னும் கொஞ்சம் சிரித்தாள். தாடை வலித்தது. அதற்குள் நிருபர் பெண் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்திருந்தாள். இவள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘துயரத்தை மறைக்கப் பழகிய புன்னகை.’

ஜன்னலோரத்துக்குத் திரும்பி நடந்தாள்.

“அந்தப் படத்த அழிப்பா,” என்றாள் போட்டோகிராஃபரிடம்.

“நல்லா வந்திருக்கும்மா.”

“அழி.”

அவன் ஆசிரியரைப் பார்த்தான். அவர் தோளைக் குலுக்கினார். ஒவ்வொன்றாக அவன் அழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அச்சில் வந்ததை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கிளம்பினாள். நிருபர் பெண் வாசல்வரை கூடவே வந்தாள். இவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் நெரிசல். உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். உடனே எழுந்துகொண்டாள்.

“உக்காருங்கம்மா.”

“வேணாம்.”

“பரவால்ல, உக்காருங்க.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். எழுந்த பெண்ணுக்கு மறுபடி உட்காரக் கூச்சம். அந்தம்மாவுக்கு விட்ட இடம் என்று மற்றவர்களும் உட்காரவில்லை. அத்தனை நெரிசலில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்க, நடுவில் காலியாகக் கிடந்த ரெக்ஸின் இருக்கையில், அமுங்கிய பள்ளம் மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.